உன் அப்பா கையில் மாத்திரை அட்டையைக் கொடுப்பதற்கு முன்

மகனே,

நேற்று மத்தியானம் பேச்சின் நடுவில் லைன் போய்விட்டது என்று நினைத்து மூன்று முறை திரும்பக் கூப்பிட்டாய். லைன் போகவில்லை. நான்தான் வைத்தேன். இன்னும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் என் வாயிலிருந்து என்ன வந்திருக்கும் என்று எனக்கே தெரியாது. பக்கத்தில் உன் அப்பா வேறு காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு கேமராவோடு இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை போட்டு வாசலில் உட்கார வை, கையில் ஒரு மாத்திரை அட்டை கொடுப்போம், 'அண்ணனாலதான் நான் பொழைச்சேன்' என்று ஒரே ஒரு வரி சொன்னால் போதும், மீதியை எடிட்டிங்கில் பார்த்துக்கொள்கிறோம் என்றாய். எதற்காக? சேனல் வேலையை விட்டுவிட்டு நீ இப்போது யாருக்கு விளம்பர வேலை பார்க்கிறாயோ, வருகிற தேர்தலில் நிற்கப்போகிற அந்த அண்ணன், நம் பக்கத்தில் ஒரு மலிவு விலை மருந்துக் கடை திறக்கிறார். அதற்குப் படம் வேண்டும். பக்கவாதம் வந்த பழைய சுரங்கத் தொழிலாளி, ஏழை, தமிழன், வாய் கோணியிருக்கிறது, கையில் அட்டை. வெளியில் போய்த் தேட வேண்டிய சிரமம்கூட உனக்கு இல்லை. வீட்டிலேயே ஒன்று கிடைத்துவிட்டது.

நான் போனை வைத்ததும் நீ சும்மா இருக்கவில்லை. அப்பாவின் போனுக்கே கூப்பிட்டு அந்த வரியைச் சொல்லிக்கொடுத்துவிட்டாய். அட்டையைப் பற்றி மட்டும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை. இந்தக் கடிதம் அந்த அட்டையைப் பற்றித்தான்.

இதை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். அதனால் நம் தெருப் பிள்ளைகள் மாதம் ஒருமுறை அச்சடித்து வீடு வீடாகப் போடுகிறார்களே, எட்டுப் பக்கப் பத்திரிகை, அதற்குக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை வருமாம். உனக்கு இன்றைக்கே, வியாழக்கிழமையே, ஒரு பிரதி அனுப்புகிறேன். நம் மூன்று பேரின் பெயரையும் போடவில்லை. ஆனாலும் நம் மர்பி டவுனில் இது யார் வீட்டுக் கதை என்று பால்காரர் வரைக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். ஊரைக் கூட்டிச் சொல்வதுதானே உன் தொழில். பெற்றவள் ஒரு தடவை செய்தால் குடி முழுகிவிடாது.

படிக்கிற மற்றவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மெடிக்கல் கடையில் இருபத்திரண்டு வருஷமாக கவுண்டரில் நிற்கிறவள் நான். கோலார் தங்கவயலில் சுரங்கத்தை மூடியபோது இவன் அப்பா இருட்டோடு இருட்டாக ரயில் பிடித்து பெங்களூருக்கு வாட்ச்மேன் வேலைக்கு வந்தார். கொஞ்ச நாளில் இவனைக் கையில் பிடித்துக்கொண்டு நானும் வந்து சேர்ந்தேன். பத்தாவதோடு நின்ற எனக்கு மருந்தைக் கற்றுக்கொடுத்தது எந்தக் காலேஜும் இல்லை. மருந்துக்குப் படித்தவருடைய சர்டிஃபிகேட் கண்ணாடி போட்டு சுவரில் தொங்கும், ஆள் மாதம் ஒருமுறை கையெழுத்துப் போட வருவார். மற்ற நாளெல்லாம் நான்தான். அங்கே நின்றுதான் தெரிந்துகொண்டேன். பெட்டியில் கொட்டை எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த செல்லப் பெயர். அதன் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி பொடி எழுத்தில் இருக்கிறதே, அதுதான் மருந்து. மருந்து ஒன்றுதான். ஆனால் ஒரு அட்டை டவுன் பஸ் டிக்கெட் விலை, இன்னொரு அட்டை கோழிக்கறி விலை. நடுவில் இருக்கிற பணம் எங்கே போகிறது என்பதையும் அதே கவுண்டரிலிருந்து பார்த்தேன். டை கட்டிய ரெப் பையன்கள் வந்து, எந்த டாக்டர் எத்தனை சீட்டில் தங்கள் கம்பெனி பெயரை எழுதினார் என்று எங்களிடமே கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அப்புறம் ஒரு வாரம் அந்த டாக்டரின் கிளினிக் பூட்டியிருக்கும். குடும்பத்தோடு ஏதோ ஒரு நாட்டில் கடல் பார்த்துவிட்டு வந்து, முன்னைவிட அழகான கையெழுத்தில் அதே பெயரை எழுதுவார். கர்மம்.

அந்தக் கடைக்குள் உன் அண்ணனும் ஒருமுறை வந்திருக்கிறார், தெரியுமா உனக்கு? போன தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு. பின்னால் இருபது பேர், முன்னால் ஒரு டோலு மேளம். "ஏனம்மா, சென்னாகிதீரா?" என்று கன்னடத்தில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் "நல்லா இருக்கீங்களாம்மா?" என்று தமிழுக்குத் தாவினார். எனக்கு இரண்டும் வரும், அதனால் இரண்டுக்கும் பதில் சொல்லவில்லை. "சார், சுகருக்கும் பிபிக்கும் விக்கிற மாத்திரை வெலயப் பாருங்க. இங்க நிக்கிற ஜனங்க பாதிப் பேரு பத்து நாளுக்கு எழுதினா அஞ்சு நாளுக்குத்தான் வாங்கிக்கினு போறாங்க" என்றேன். "கொறைச்சிடலாம்மா, நம்ம ஆட்சி வரட்டும்" என்று சொல்லி, என் தோள்பக்கம் சாய்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். அவரோடு வந்த ஒருத்தன் போகிற போக்கில் வயிற்றெரிச்சல் மாத்திரை இரண்டு அட்டை எடுத்துக்கொண்டு, "அண்ணா கணக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். கடை முதலாளி ஷெரீஃப் பாய் கையெடுத்துக் கும்பிட்டார். அண்ணன் கணக்கு எந்த நோட்டில் இருக்கிறது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சேனலில் குரல் கொடுக்கிற வேலைக்கு நீ சேர்ந்த புதிதில், அந்த நிகழ்ச்சி வந்தது. எங்கேயோ ஒரு ஊரில் ஒரு மலிவு மருந்துக் கடைக்குக் கெட்டுப்போன மாத்திரை ஒரு பெட்டி வந்துவிட்டதாம். தப்புதான். விற்றவனைப் பிடித்து உள்ளே போட வேண்டியதுதான். உங்கள் சேனல் அந்த ஒரு பெட்டியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் குடும்பம் நடத்தியது. சாயந்திரம் ஏழு மணி ஆனால் இடி இடிக்கிற சத்தம், சிவப்பு எழுத்து, மண்டை ஓடு. எட்டுச் சதுரத்தில் எட்டுப் பேர், எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள், நடுவில் கோட்டுப் போட்டவன் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துவான். அதில் ஒரு சதுரத்தில் உன் அண்ணன். அப்போது மலிவுக் கடைகள் எதிர்க் கட்சிக்காரன் திறந்தவை, அதனால் "ஏழைங்களுக்கு விஷம் குடுக்கிறாங்க" என்று நரம்பு புடைக்கக் கத்தினார். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த மாத்திரைகளின் படம் ஓடும்போது, உன் குரல். நல்ல குரல்டா உனக்கு. உன் அப்பா வழி வந்த குரல் அது. சுரங்கத்துக்குள் அவர் கூப்பிட்டால் கீழ் மட்டத்தில் நிற்கிறவனுக்கும் கேட்கும் என்பார்கள். அந்தக் குரலில் நீ, "உங்கள் வீட்டில் யாராவது மலிவு மாத்திரை சாப்பிடுகிறார்களா? இன்றே நிறுத்துங்கள்" என்று படித்தாய். படித்து முடித்ததும் விளம்பர இடைவேளை. கோழிக்கறி விலைக் கம்பெனியின் விளம்பரம், ஒரே மாலையில் நான்கு தடவை. உனக்கு ஒரு புத்தி சொல்கிறேன், சேனலில் யாரும் சொல்லித்தரமாட்டார்கள். ஒரு செய்தி உண்மையா என்று தெரிய வேண்டுமானால் செய்தியைப் பார்க்காதே. அது முடிந்ததும் வருகிற விளம்பரத்தைப் பார்.

இந்தப் புத்தி எனக்கு அன்றைக்கு இருந்ததா என்று கேள். இல்லை. இருந்த புத்தியையும் கழற்றி வைத்துவிட்டு நின்றேன். கடையில் சுவரில் மாட்டியிருந்த டிவியின் சத்தத்தை நானே கூட்டி வைத்தேன். மருந்து வாங்க வந்தவர்களையெல்லாம் நிறுத்தி, "என் பையன் பேசறான், கேளுங்க" என்றேன். மறுநாள் காலையில் கவுண்டர் முழுக்க ஜனம், மலிவு அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க. ஜீவனஹள்ளியிலிருந்து வருகிற ஒரு பெண், மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள், கையில் பாதி தீர்ந்த அட்டையை வைத்துக்கொண்டு கேட்டாள்: "அக்கா, டிவில சொல்றது நெஜமா? ஆறு மாசமா நான் இதத்தானே துன்றேன்." எனக்குத் தெரியும்டா. பொடி எழுத்தில் இரண்டும் ஒன்றுதான் என்று இருபது வருஷமாகத் தெரியும். அந்த ஆறு மாதத்தில் அவளுக்குச் சர்க்கரை இறங்கியிருந்ததும் தெரியும். அப்படியிருந்தும், "என் பையனே சொல்றான், பொய்யா இருக்குமா?" என்று சொல்லி, விலை கூடிய அட்டையை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் மடியிலிருந்த துணிப்பையை அவிழ்த்து, நூறு ரூபாய்த் தாளை நீவி நீவிக் கொடுத்தாள். ஷெரீஃப் பாய் வாயெல்லாம் பல்லாக, "உங்க பையன் வாயத் தொறந்தா நம்ம கல்லா ரொம்புது அக்கா" என்றார். நான் வெட்கமே இல்லாமல் சிரித்தேன். உன்னை இந்தக் கடிதத்தில் எவ்வளவு ஏசினாலும், அந்தச் சிரிப்புக்காக என்னை நான் ஏசிக்கொள்வதில் பாதிகூட இருக்காது.

வீட்டில் உன் அப்பா. அவருக்கு பிபி மாத்திரை நான் கடையிலிருந்து கொண்டுவருவது மலிவு அட்டைதான், எத்தனையோ வருஷமாக. அந்த வாரம் அவர் அதைத் தொடவில்லை. "ரெண்டும் ஒரே மருந்துதான்யா, நான் சொல்றேன்" என்றேன், அரை மனசாக. "வுடும்மே. என் புள்ள டிவில பொய் சொல்லுவானா? விகாரையில பஞ்சசீலம் சொல்லி வளந்தவன்" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். தங்கவயல் புத்த விகாரையில் ஒவ்வொரு பௌர்ணமிக்கும் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போவாரே, அந்தப் பெருமை. நானும் அதற்கு மேல் வாதாடவில்லை. வாதாடினால் நீ பொய் சொன்னாய் என்று நான் சொன்னதாக ஆகிவிடும். அந்த வார்த்தையைச் சொல்லப் பயந்துகொண்டு, அடுத்த நாள் பாயிடம் கழிவு கேட்டு விலை கூடிய அட்டையையே வாங்கிவந்தேன். அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு விலையைப் படித்தார். அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் கவனித்திருக்க வேண்டும்.

சுரங்கத்து ஆட்களின் பழக்கம் உனக்குத் தெரியும். உள்ளே இறங்கினால் பன் ஆனாலும் பீடி ஆனாலும் இரண்டாகப் பிய்த்துத்தான் வாயில் வைப்பார்கள். தனியாகத் தின்பவனோடு அடுத்த ஷிஃப்டுக்கு யாரும் சேரமாட்டார்கள். அந்தக் காலத்தில் சுரங்க ஆஸ்பத்திரியில் மருந்து இனாம், கம்பவுண்டர் காகிதத்தில் மடித்துக் கொடுப்பார், அதையும் லைன் வீடுகளில் நாலு குடும்பத்துக்குப் பங்கு போடுவார்கள். உன் அப்பா வாட்ச்மேனாக நின்ற அபார்ட்மெண்ட் கேட்டில் அவரோடு நின்றவர் ஆரோக்கியம் மாமா. பெயர் போடச் சொல்லி அவரே சொல்லிவிட்டார், அதனால் போடுகிறேன். இன்னமும் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வருகிறவர். அவருக்கும் பிபி. அவரும் உன் குரலைக் கேட்டு மலிவு மாத்திரையை நிறுத்தியவர். விலை கூடியது வாங்க அவருக்கு வழி இல்லை. அதனால் உன் அப்பா என்ன செய்தார்? காலையில் கேட்டில் டீ வந்ததும் ஒரு மாத்திரையை நகத்தால் இரண்டாக உடைத்து, பாதி அவருக்கு, பாதி தனக்கு. நான்கு மாதம். அது உடைக்கக்கூடாத மாத்திரை மகனே. முழுசாக விழுங்கி, நாள் முழுக்க மெல்ல மெல்லக் கரைய வேண்டியது. உடைத்தால் எடுத்ததும் மொத்தமாக இறங்கிவிடும், அப்புறம் நாள் பூராவும் ஒன்றும் இருக்காது. போதாததற்கு, அளவிலும் பாதி. வருகிறவர்களிடம் "இத ஒடைக்காதீங்க, முழுங்கணும்" என்று தினம் ஐம்பது தடவை சொல்கிறவள் நான். என் வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவே இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஏதோ ஒரு காருக்குக் கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் வைக்கத் தூக்கிய கை பாதியிலேயே தொங்கிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஆரோக்கியம் மாமா தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "பங்கு போட்டுக்கினோம் அண்ணி. எனுக்குப் பாதி, அவனுக்குப் பாதி. மொத்தமா வாங்குறதுக்கு எனுக்கு வக்கு இல்ல அண்ணி" என்றார். நீ அப்போதுதான் சேனல் அடையாள அட்டை கழுத்தில் ஆட, லிஃப்டிலிருந்து இறங்கி வந்தாய். அவர் சொன்னதைக் கேட்டாய். உன் முகம் செத்துப்போனதை நான் பார்த்தேன். பார்த்ததும், பரவாயில்லை, நான் பெற்றது இன்னும் உள்ளே எங்கேயோ இருக்கிறது என்று நினைத்தேன். பிறகு என்னை ஓரமாகக் கூட்டிப்போய் நீ சொன்னது இது: "அம்மா, ஸ்க்ரிப்ட் மேலேர்ந்து வருது. நான் வாய்ஸ் மட்டும்தான்." வாய்ஸ் மட்டும்தானாம்! டாக்டர் சீட்டு மட்டும்தான் எழுதுகிறார், ரெப் பெட்டி மட்டும்தான் தூக்குகிறான், அண்ணன் கத்த மட்டும்தான் செய்கிறார், நான் அட்டையை எடுத்து மட்டும்தான் கொடுத்தேன். அப்படியானால் உன் அப்பாவின் வலது பக்கம் விழுந்ததற்கு யாருமே காரணம் இல்லை, அது தானாகவே விழுந்தது, அப்படித்தானே? தூ.

ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. இப்போது உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லப் போகிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு மாத்திரை ஒன்றிலிருந்து ஆறாகிவிட்டது. ஆறும் விலை கூடியதாக வாங்க நம்மால் ஆகாது. நீ அனுப்புகிற பணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மலிவு அட்டையைக் காட்டினால் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். "புள்ள... சொன்னான்" என்று அந்தக் கோணல் வாயால் சொல்வார். அவருக்கு ஒழுங்காக வருகிற பத்துப் பன்னிரண்டு வார்த்தைகளில் இவை இரண்டு. அதனால் நான் கடையிலேயே மலிவு அட்டைகளைப் பிரித்து, மாத்திரைகளை ஒரு வாரத்துக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு எடுத்துவருகிறேன். வெறும் அட்டையைக் கடைக் குப்பையிலேயே போட்டுவிடுவேன். தினம் காலை எட்டு மணிக்கு அவர் ஒவ்வொன்றையும் இடது கையால் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெல... ஜாஸ்தி?" என்று கேட்பார். "ஆமாய்யா, வெல ஜாஸ்தி" என்பேன். விழுங்குவார். பஞ்சசீலத்தில் நான்காவதை, பொய் சொல்லாதே என்பதை, நான் தினமும் காலையில் பல் தேய்த்த கையோடு மீறுகிறேன். அவர் உயிருக்காக என்று சொன்னால் பாதிப் பொய். நீ பொய் சொன்னாய் என்று அவருக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத்தான். உன் மானத்தைக் காப்பாற்ற ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு அலைகிறேன்.

இப்போது நீயே அதே மலிவு அட்டையோடு வருகிறாய்! அதுவும் யாருக்காக? விஷம் என்று கத்தின அதே வாய்க்காக. உன் அண்ணனுக்கு இப்போது அது அமிர்தமாகிவிட்டது, ஏனென்றால் கடை வாசலில் இந்தத் தடவை தொங்கப்போவது அவர் மூஞ்சி. இந்த ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். உன் அப்பா விழுந்தபோது அண்ணனுடைய ஆபீஸிலிருந்து ஒரு வாக்கர் கொடுத்தனுப்பினார்கள். கைப்பிடியில் அண்ணன் சிரிக்கிற ஸ்டிக்கர், இரண்டு பக்கமும். நம் ஆள் பிடித்துப் பிடித்து நடந்ததில் முகம் தேய்ந்து மீசை மட்டும் மிச்சம் இருக்கிறது. ஒன்று சொல்கிறேன், குறித்துக்கொள். மலிவுக் கடை வரட்டும். நூறு கடை வரட்டும். யார் மூஞ்சி தொங்கினால் எனக்கென்ன, ஜீவனஹள்ளிப் பெண் பத்து நாள் மாத்திரையைப் பத்து நாளும் தின்றால் சரி. திறப்பு விழாவுக்கு வரச் சொன்னால் வரிசையில் முதல் ஆளாக நான் நின்று வாங்குவேன். மருந்து மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதை விஷம் என்றும் அமிர்தம் என்றும் மாற்றி மாற்றி விற்கிற வாய்கள்மேல்தான் எனக்குக் காறித் துப்ப வருகிறது. அதில் ஒரு வாய் நான் பால் கொடுத்த வாய்.

நேற்று சாயந்திரத்திலிருந்து உன் அப்பா அந்த வரியைப் பழகிக்கொண்டிருக்கிறார். கண்ணாடி முன்னால் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நின்று. 'அண்ணனால' வரமாட்டேன் என்கிறது. 'அண்... அண்...' என்று மூச்சு வாங்குகிறது. 'பொழைச்சேன்' வந்தால் 'நான்' வருவதில்லை. நான் அடுப்படியிலிருந்து, "போதும்யா, எதுக்கு இந்தப் பாடு?" என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்து, நெஞ்சில் இடது கையை வைத்துக்கொண்டு, "புள்ள... கேட்டான்" என்றார். கண்ணில் தண்ணீர். பேச்சுப் பயிற்சிக்கு வருகிற பெண் எட்டு மாதமாகக் கெஞ்சியும் இவ்வளவு நேரம் அவர் வாயைத் திறந்ததில்லை. உனக்காகத் திறக்கிறார். எனக்கு வயிறு எரிகிறது. உன் மேல் எரிகிறதா, அவர் மேல் எரிகிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை கேமரா ஓடும்போது அந்த அட்டையை அவர் கையில் வைப்பாய். பேச்சுத்தான் போயிற்று, கண் போகவில்லை. விலையைப் படிப்பார். உன்னைப் பார்ப்பார். அந்த முகத்தையும் எடிட்டிங்கில் பார்த்துக்கொள்வாயா?

அதனால் நான் சொல்கிறபடி செய். சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு வா. தனியாக வா. கழுத்தில் எதுவும் தொங்க வேண்டாம். கடையிலிருந்து அட்டையைப் பிரிக்காமல் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருப்பேன். நீயே அவர் முன்னால் உட்கார்ந்து, நீயே அதைக் கிழித்து, "அப்பா, இது அந்த மலிவு மாத்திரைதான், ஒன்றரை வருஷமா நீ சாப்பிடறது இதுதான், அன்னைக்கு டிவில நான் சொன்னது பொய்" என்று சொல். டிவியில் பேசுகிற மாதிரி வேண்டாம், மகன் பேசுகிற மாதிரி சொல். சொல்லாமல் தப்பித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதே. திங்கட்கிழமை பத்திரிகை வந்ததும் இதை யாராவது அவருக்கு உரக்கப் படித்துக் காட்டத்தான் போகிறார்கள். மற்றவர் வாயால் அவர் கேட்கக்கூடாது என்பதற்குத்தான் உனக்கு இரண்டு நாள் முன்னதாகத் தருகிறேன். நீ சொன்னதற்குப் பிறகும் அவர் உன் கையிலிருந்து வாங்கி விழுங்கினார் என்றால், ஞாயிற்றுக்கிழமை யாரை வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு வா, அவர் என்ன சொல்ல விரும்புகிறாரோ அதைப் படம் பிடி. வாயைத் திறக்கவில்லை என்றால், தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு அவர் திறக்கும் வரைக்கும் அங்கேயே நில். எட்டரைக்கு எனக்கு பஸ். நான் கடைக்குப் போய்விடுவேன்.

அம்மா